குதிகால் வலியும் வெறுங்கால் நேர்த்தியும்

தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை தரும் மலேசிய மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்று. அன்று பால்குடமும் காவடியும் எடுப்போர் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். விரதம் தொடங்கிய நாளிலிருந்தே செருப்பைத் தொடாதவர்களும் உண்டு. இவர்களில் குதிகால் வாதம் உள்ளவர் முன் ஒரு கேள்வி நிற்கிறது. காலுக்கு மருத்துவம் பார்ப்பதும் மெத்தென்ற காலணி போடுவதும் நேர்த்தியை முறிப்பதாகுமா, அல்லது அந்த வலியும் காணிக்கையில் சேர்ந்ததா?

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டைதான் உள்ளங்கால் வளைவைத் தாங்குகிறது. ஓயாத இழுப்பால் அது எலும்பைப் பற்றும் இடத்தில் நலிவடைவதே குதிகால் வாதம். காலையில் வைக்கும் முதல் அடி சுரீரென்று குத்தும். நாலு அடி நடந்தால் தணியும். நெடுநேரம் நின்றால் திரும்ப வரும். கூடுதல் உடல் எடை, இறுகிய கெண்டைக்கால், ஜொகூரின் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் உள்ளதுபோல சிமெண்டுத் தரையில் நின்றபடி செய்யும் வேலை ஆகியவை இதை வளர்க்கின்றன. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளின் மேல் பழி போடுவது வழக்கம். ஆனால் வலியே அறியாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது.

பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை இல்லாமலே குணமாகிறது. முதல் அடி வைக்கும் முன் கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பத்து விநாடி பிடிக்க வேண்டும்; இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டுவதும் உதவும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். அடிக்கடி போட்டால் பட்டை கிழியும் அபாயம் உண்டு. இவற்றோடு, வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம் என்பார் மருத்துவர். நேர்த்தியோடு மோதுவது இந்த அறிவுரைதான்.

சைவ மரபில் இதற்கு விடை தேடினால் சேக்கிழாரின் 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் முதலில் வருகிறது. பிள்ளைப் பருவத்துச் சம்பந்தர் நெல்வாயில் அரத்துறைக்கு நடந்து கால் நோகிறார். சிவபெருமான் ஊராரின் கனவில் தோன்றி அவருக்கு முத்துச் சிவிகை கொடுக்கச் செய்கிறார். நடந்து வந்தால்தான் தரிசனம் என்ற நிபந்தனை அங்கே இல்லை. கண்ணப்பரோ செருப்புக் காலுடனே பூசை செய்தவர். ஆகம முறையில் வழிபட்ட சிவகோசரியார் அதைக் கண்டு பதறினார், இறைவன் ஏற்றுக்கொண்டான்.

எதிர்வாதத்துக்கும் அதே நூலில் இடம் இருக்கிறது. கயிலைக்குப் புறப்பட்ட அப்பர், பாதம் தேய்ந்த பின்னும் கையாலும் மார்பாலும் ஊர்ந்து போகிறார். திரும்பிப் போகச் சொன்னபோது மறுக்கிறார். அந்த உறுதியைச் சேக்கிழார் போற்றுகிறார் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அப்பர் கயிலையை நடந்து எட்டவில்லை. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் காண்கிறார். உடலால் இனி முடியாது என்ற இடத்தில் பயணத்தை முடித்துவைத்தது அருள். இதே அப்பர் சூலை நோய் வந்தபோது அதைத் தவமாகக் கொண்டாடாமல், தீர்க்கும்படி அதிகையில் மன்றாடியவர். உடம்புக்குள் இறைவன் உறைவதைக் கண்டபின் அதைப் பேணினேன் என்கிறார் திருமூலர்.

ஆகவே ஒருநாள் வலியையும் உடற்சேதத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பதே பொருத்தம். நலமான காலுடன் நடப்பவரின் கொப்புளம் சில நாளில் ஆறும். அவர் தாமே விரும்பி ஏற்ற சிரமம் அது. நலிந்த பட்டையோடு பல மணிநேரம் நடப்பவருக்கு வலி மாதக்கணக்கில் நீளலாம். நோய் தீர வேண்டிக்கொண்ட நேர்த்தியே நோயைப் பெருக்குவது முரண். அவர் சன்னதிக்கு வெளியே காலணி அணியலாம், நடையைக் குறைக்கலாம், அன்னதானத்துக்குத் தோள் கொடுக்கலாம். வாக்கு மீறிய உறுத்தல் இருந்தால் குருக்களிடம் சொல்லி நேர்த்தியை மாற்றிக்கொள்வது நல்லது.

இனிப்பு நீர் உள்ளவர்களிடம் இந்த விவாதத்துக்கே இடமில்லை. 2019 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3% பேருக்கு அந்நோய் இருந்தது. இந்தியரிடையே விகிதம் இன்னும் அதிகம். பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்குச் சாலைச் சூடும் தெரியாது, கண்ணாடிச் சில்லும் தெரியாது. சூடான செங்கல்மேல் எருக்கிலை வைத்துக் குதிகாலுக்கு ஒத்தடம் கொடுக்கும் வீட்டு வைத்தியமும் அவர்களுக்கு ஆகாது. விரதம் தொடங்கும் முன்பே அரசு கிளினிக்கில் பாதத்தைக் காட்டி, நடக்கலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.