விலையில்லாததும் விடுதலையானதும்

நாங்கள் எழுதிய செயலி ஒன்றை ஸ்பானிஷுக்குக் கொண்டுபோகும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் என் குழுவிடம் வந்தது. மென்பொருளில் மொழிபெயர்ப்பு என்பது பெரும்பாலும் ஒரு அட்டவணைதான். இடதுபக்கம் ஆங்கிலம், வலதுபக்கம் காலிக் கட்டம். திரையில் வரும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வரிசையாக, முன்பின் தெரியாமல் தனியாக நிற்கும். அப்படி ஒரு வரிசையில் ஒரே ஒரு சொல் இருந்தது: ஃப்ரீ.

மெக்சிகோவிலிருந்து எங்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் போட்டிருந்தார். "இது நேரத்தைப் பற்றியா, பணத்தைப் பற்றியா?"

தேடிப் பார்த்தால், அந்த ஒரே வரிசையைச் செயலி மூன்று இடங்களில் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. மருத்துவரிடம் முன்பதிவு செய்யும் திரையில், இந்த நேரத்தில் அவர் காலியாக இருக்கிறார் என்று சொல்ல. கட்டணப் பட்டியலில், இந்தத் திட்டத்துக்குக் காசு கிடையாது என்று சொல்ல. கோப்புகளை ஏற்றும் இடத்தில், இவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று சொல்ல. ஆங்கிலம் மூன்றையும் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது. ஸ்பானிஷில் அது நடக்காது. காலி நேரமும் காலி இடமும் 'லிப்ரே'. காசில்லாத திட்டம் 'கிராத்திஸ்'. மாற்றிப் போட்டால் மருத்துவர் இலவசமாகிவிடுவார்.

வரிசையை மூன்றாகப் பிரித்தோம். பத்து நிமிட வேலை. ஆனால் அந்தக் குறிப்பு மனதில் தங்கிவிட்டது. ஃப்ரீ என்று யாராவது சொன்னால் அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று நான் அதுவரை நின்று கேட்டதே இல்லை.

*

ஸ்பானிஷ் கற்கத் தொடங்கியவர்களுக்குக் கிடைக்கும் விதி எளிமையானது. காசு சம்பந்தப்பட்டது என்றால் கிராத்திஸ், அல்லது கொஞ்சம் முறையாக கிராத்துயித்தோ. கட்டு இல்லை, தடை இல்லை, ஆள் இல்லை என்றால் லிப்ரே. சர்க்கரை இல்லாத பானத்துக்கு வழக்கமாக 'சின்', அதாவது 'இல்லாமல்' என்ற சொல் போதும்.

லிப்ரே என்று முடிவு செய்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு இரண்டு வினைச்சொற்கள். 'எஸ்தோய் லிப்ரே' என்றால் இப்போது எனக்கு வேலை ஒன்றும் இல்லை, பேசலாம். 'சோய் லிப்ரே' என்றால் நான் சுதந்திரமான ஆள், எனக்கு எஜமானன் கிடையாது. முதலாவது சாயங்காலத்துக்குள் மாறிவிடும். இரண்டாவதுக்காக மனிதர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள்.

இரண்டு பெயரடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க உணவகம் நல்ல இடம். 'புஃபே லிப்ரே' என்று பலகை வைத்திருந்தால், காசு கொடுத்து உள்ளே போய் வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துச் சாப்பிடலாம் என்று பொருள். லிப்ரே, ஆனால் கிராத்திஸ் இல்லை. கடையில் நீட்டப்படும் 'முவெஸ்த்ரா கிராத்திஸ்' என்ற மாதிரிப் பொட்டலத்துக்குக் காசு கிடையாது. ஆனால் எதை, எவ்வளவு கொடுப்பது என்பதைக் கடைக்காரர்தான் தீர்மானிப்பார். கிராத்திஸ், ஆனால் லிப்ரே இல்லை.

கிராத்திஸ் என்பதன் லத்தீன் வேர் 'நன்றிக்காக' என்று பொருள் தரும். நன்றி சொல்லும் 'கிராசியாஸ்' அதே குடும்பம்தான். காசு வாங்காமல் கொடுத்தேன், உன் நன்றி போதும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதாவது அங்கே எப்போதும் இரண்டு பேர்: கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். லிப்ரேவுக்குள் அப்படி ஒரு கொடுப்பவர் தேவையில்லை.

*

அதே செயலிக்கு ஒரு விளம்பரப் பதாகை இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டே சொல். ஃப்ரீ, என்றைக்கும். பின்னால் கை விரித்து நிற்கும் ஒரு பெண், கடல், காற்று. காசு வேண்டாம் என்பதும் நீ கட்டற்றவள் என்பதும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்றுதான் அதை எழுதியவர் எழுதியிருந்தார். நல்ல விளம்பரம்தான்.

மொழிபெயர்ப்பாளரிடம் போனதும் அது உடைந்தது. இரண்டையும் ஒரே சொல்லில் சொல்ல ஸ்பானிஷில் வழியில்லை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார். 'லிப்ரே போடுங்க, கேட்க நல்லா இருக்கு' என்றார் கூட்டத்தில் ஒருவர். மொழிபெயர்ப்பாளர் அமைதியாகக் கேட்டார். "சரி, படிக்கிறவங்க எதிலிருந்து லிப்ரேன்னு கேட்பாங்களே, என்ன பதில்?"

பதில் எங்களிடம் இல்லை. காசில்லாத திட்டத்தில் இருப்பவர் தன் பதிவுகளைத் தரவிறக்கி வேறொரு செயலிக்குக் கொண்டுபோக முடியாது. அந்த வசதி காசு கட்டுபவர்களுக்கு மட்டும். அவர் உள்ளே வரக் காசு வேண்டாம். வெளியே போகத்தான் விலை. அப்படிப்பட்ட ஒன்றை லிப்ரே என்று அழைப்பது அப்பட்டமான பொய். கிராத்திஸ் என்றே போட்டோம்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஆங்கிலப் பதாகையிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பது. காசு வாங்கவில்லை, அது உண்மை. மீதியைப் படிப்பவர் தாமாகவே கேட்டுக்கொண்டார். கொடுப்பவருக்கு இதைவிட வசதியான சொல் இருக்க முடியாது. இரண்டு கேள்விகளில் தனக்குப் பிடித்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, இரண்டுக்கும் சொன்ன பெயரை வாங்கிக்கொள்ளலாம்.

*

எங்கள் தொழிலில் இந்தச் சிக்கல் பழையது. 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். யாரும் இயக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற மென்பொருள்தான் நோக்கம். அதை ஆங்கிலத்தில் ஃப்ரீ சாஃப்ட்வேர் என்று அழைத்ததால், இது பேச்சுரிமை மாதிரியான ஃப்ரீ, ஓசி பீர் மாதிரியான ஃப்ரீ இல்லை என்று பல ஆண்டுகளாக விளக்க வேண்டியிருந்தது. ஸ்பானிஷ்காரர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. 'சாஃப்ட்வேர் லிப்ரே' என்றார்கள், முடிந்தது. கடைசியில் ஆங்கிலமே அந்தச் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டது. 2010இல் பிறந்த லிப்ரேஆஃபிஸின் பெயரில் இருப்பது ஸ்பானிஷும் பிரெஞ்சும் பகிர்ந்துகொள்ளும் அந்தச் சொல்தான்.

அந்த வித்தியாசம் நடைமுறையில் எவ்வளவு பெரியது என்பதற்கு 2002 பிப்ரவரியில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். விக்கிப்பீடியாவுக்கு அப்போது ஒரு வயதுதான். அதில் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. ஸ்பானிஷ் பதிப்பில் எழுதிக்கொண்டிருந்த தன்னார்வலர்களில் ஒரு பெரும் பகுதியினர் அதுவரை எழுதிய கட்டுரைகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். செவில்யா பல்கலைக்கழகத்தின் சர்வரில் 'என்சிக்ளோபேதியா லிப்ரே' என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள்.

விளம்பரம் வந்திருந்தாலும் வாசகருக்கு விக்கிப்பீடியா கிராத்திஸாகவே இருந்திருக்கும். ஒரு பைசா கூடியிருக்காது. அவர்களை உறுத்தியது வேறு. நாங்கள் சும்மா கொடுத்த உழைப்பு யாருடைய வருமானம் ஆகிறது, அதை எங்களிடம் கேட்டார்களா என்பது. கோபம் வந்தவர்கள் கட்டுரைகளோடு வெளியேற முடிந்ததற்குக் காரணம், அந்தக் கட்டுரைகள் யாரும் எடுத்துச் செல்லக்கூடிய உரிமத்தில் இருந்தன. இன்று விக்கிப்பீடியாவில் விளம்பரம் இல்லை. அன்றைக்கு அவர்கள் செய்தது சரியா அவசரமா என்று வாதாடலாம். போக வழி இருந்தது என்பதுதான் லிப்ரே.

*

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், இரண்டு சொல் வைத்திருக்கும் மொழிக்காரர்கள் நம்மைவிடத் தெளிவானவர்கள் என்ற எண்ணம் வரும். வரலாறு அந்த எண்ணத்தை நிற்க விடவில்லை.

ஸ்பானிஷில் சேமிப்பதற்கு 'அவொர்ரார்' என்று பெயர். வங்கிக் கணக்கு விளம்பரங்களில் தினமும் வரும் சொல். அதன் உள்ளே 'ஒர்ரோ' என்றொரு பழைய பெயரடை இருக்கிறது. அரபியிலிருந்து வந்தது, அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்று பொருள். அவொர்ரார் என்றால் முதலில் அடிமையை விடுவிப்பது. பிறகுதான் அது காசு சேர்ப்பதானது.

19ஆம் நூற்றாண்டுக் கூபாவில் இந்த இரண்டு பொருளும் ஒரே மனிதரின் உடலில் சந்தித்தன. அடிமை தன் விலையை நிர்ணயிக்கச் செய்து, தவணை தவணையாகக் கட்டித் தன்னையே வாங்கிக்கொள்ளும் முறை அங்கே இருந்தது. ஒரு பகுதி கட்டியவரை 'கோஆர்த்தாதோ' என்றார்கள். அடிமையும் இல்லை, லிப்ரேயும் இல்லை. தன் விடுதலைக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரிந்தவர். அதற்கென்று ஒரு பெயரடையைச் சமூகம் வைத்திருந்தது.

1870இல் ஸ்பெயின் மோரெத் சட்டத்தைக் கொண்டுவந்தது. இனி அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை சுதந்திரமான குழந்தை என்றது சட்டம். ஆனால் அந்தக் குழந்தை தாயின் உரிமையாளருடைய பாதுகாப்பில் வளரும். அதற்கு ஈடாக 18 வயதுவரை அதன் உழைப்பை அவர் கூலி கொடுக்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம். காகிதத்தில் குழந்தை லிப்ரே. வயலில் அதன் உழைப்பு கிராத்திஸ். இரண்டு சொல்லும் மொழியில் இருந்தன, இரண்டையும் தெரிந்தவர்கள்தான் சட்டம் எழுதினார்கள். கூபாவில் அடிமைமுறை முற்றிலும் ஒழிய 1886 ஆனது.

ஆக அகராதி நம்மைக் காப்பாற்றாது. 'எதிலிருந்து, யார் செலவில்' என்று யாராவது வாய்திறந்து கேட்டாக வேண்டும்.

*

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என்னைப் போல மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு லிப்ரே உயர்ந்தது, கிராத்திஸ் மட்டமானது என்று ஒரு மிதப்பு உண்டு. காசு எல்லாம் ஒரு விஷயமா, சுதந்திரம்தானே முக்கியம் என்போம். மாதச் சம்பளம் வருகிறவன் இப்படிப் பேசுவது சுலபம்.

சிலியில் 2011இல் மாணவர்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். அவர்கள் கேட்டது தரமான, 'கிராத்துயித்தா' ஆன கல்வி. அந்நாட்டின் 1980ஆம் ஆண்டு அரசியலமைப்பில் கல்விச் சுதந்திரம் என்ற உரிமை ஏற்கெனவே இருந்தது. கல்வி நிலையம் தொடங்கலாம், பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாருக்கும் இருந்தது. கட்டணம் கட்டும் வசதிதான் எல்லாருக்கும் இல்லை. கடன் வாங்கிப் படித்தவர்கள் படிப்பு முடிந்து பல ஆண்டுகள் அதை அடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னர் 2016இலிருந்து ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்குக் கட்டணமில்லா உயர்கல்வி தொடங்கியது.

ஆங்கிலத்தில் இரண்டு தரப்பையும் ஃப்ரீ எஜுகேஷன் என்றே சொல்லிவிடலாம். ஸ்பானிஷில் அவை எதிரெதிரே நின்றன, லிப்ரே ஒருபுறம், கிராத்திஸ் ஒருபுறம். அங்கே நான் கிராத்திஸ் பக்கம்தான் நிற்பேன். காசு இல்லாதவனுக்கு, விலையில்லாமல் வரும் ஒன்றுதான் சில சமயம் சுதந்திரத்துக்கான ஒரே கதவு.

அதனால் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிப்பதில் அர்த்தமில்லை என்று நினைக்கிறேன். இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். இதற்கு நான் காசு கொடுக்கவில்லை என்றால் யார் கொடுத்தார், அவருக்கு நான் நன்றியாவது சொன்னேனா? வேண்டாம் என்று தோன்றும் நாளில், என்னுடையதை எடுத்துக்கொண்டு நான் போக முடியுமா? முதல் கேள்வி நம் கடனைப் பற்றியது, இரண்டாவது நம் கட்டைப் பற்றியது.

தமிழுக்கும் இந்த வசதி உண்டு. இலவசம், ஓசி, சும்மா என்று ஒரு வரிசை. விடுதலை, சுதந்திரம், கட்டற்ற என்று மறுவரிசை. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்கிறது, இலவசக் கலைக்களஞ்சியம் என்று சொல்லவில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்த சொல் அது. ஆனால் பேச்சில் நாம் ஃப்ரீயையே பிடித்துக்கொண்டோம். 'சாயங்காலம் ஃப்ரீயா?', 'ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ', 'ஃப்ரீயா விடு மச்சி'. அதில் தவறில்லை, நானும் அப்படித்தான் பேசுகிறேன். அடுத்த முறை ஏதாவது ஒரு திரை உங்களுக்கு ஃப்ரீ என்று காட்டும்போது மட்டும், அதை மனதுக்குள் ஸ்பானிஷில் போட்டுப் பாருங்கள். எந்தச் சொல் வருகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தலாம்.