படிகமா, பருத்தியா?

உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் என்பது சைவ சித்தாந்தம். சார்ந்ததன் வண்ணமாதல் என்று நூல்களில் இதற்குப் பெயர். இதை விளக்கும்போது படிகத்தைக் காட்டுவது வழக்கம். செம்பருத்திப் பூவை அருகில் வைத்தால் படிகம் சிவப்பாகத் தெரியும். பூவை எடுத்துவிட்டால் பழைய படிகம்தான். உயிரை மறைக்கும் அழுக்கான மலத்தோடு சேர்ந்திருந்தபோது மலத்தின் தன்மையோடும், சிவத்தோடு சேர்ந்தபோது சிவத்தின் தன்மையோடும் உயிர் விளங்குவது இப்படித்தான் என்பார் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஐயா.

முதல்முறை கேட்டபோதே என் மனம் அதை முழுதாக ஏற்கவில்லை. மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் அடி வாங்கியே வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டை விட்டு விடுதிக்கு வந்து வருடக்கணக்கான பிறகும், பக்கத்தில் யாராவது சட்டென்று கையை உயர்த்தினால் தலையைக் குனிந்துகொள்வார்கள். பூவை எடுத்தாகிவிட்டது. சிவப்பு ஏன் போகவில்லை? உயிரில் ஏறும் நிறம் படிகத்தில் தெரியும் நிறமா, பருத்தியில் ஏறும் நிறமா என்பது எனக்குப் புத்தகக் கேள்வியாக இருந்ததே இல்லை.

பருத்தியைச் சொல்லக் காரணம் உண்டு. கோடை விடுமுறைக்கு மகளும் பேத்திகளும் வந்தால், எங்கள் மொட்டை மாடியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது நடக்கும். மதுரையில் இது யாருக்கும் புதிதல்ல. சுங்குடி எங்கள் ஊர்ச் சரக்கு. அதை இங்கே வளர்த்தவர்கள் சௌராஷ்டிரர்கள். 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எதிர் வீட்டு சௌராஷ்டிரத்து அக்காதான் எனக்குக் கட்டக் கற்றுக்கொடுத்தார். துணியை நக நுனியில் சிட்டிகை அளவு தூக்கி, நூலை இரண்டு மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, அறுக்காமல் அப்படியே அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். அவருடைய அம்மா காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார்களாம். இப்போது கடைகளில் சுங்குடி என்று தொங்குவதில் பெரும்பாலானவை அச்சு. கட்டிய துணியில் புள்ளி ஒவ்வொன்றும் லேசாகப் புடைத்து நிற்கும். நடுவில் ஊசிமுனை அளவு நிறம் இருக்கும், நூல் மூடாத நுனி வழியாகச் சாயம் உள்ளே போயிருப்பதால். அச்சடித்த புள்ளி தட்டையாக, கோடு கிழித்ததுபோல் இருக்கும். அந்த ஊசிமுனை நிறத்தைத் தடவிப் பார்க்காமல் நான் எந்தச் சுங்குடியையும் வாங்குவதில்லை.

கட்டு என்றதும் எங்கள் வகுப்பில் ஒருவர், கட்டுதான் பாசம், அவிழ்ப்பதுதான் முத்தி என்று அழகாகச் சொன்னார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. மூல மலமான ஆணவத்தின் கட்டு தொடக்கம் இல்லாதது, உயிர் அறியாமலே அதோடு இருப்பது. நாங்கள் போடும் கட்டோ நாங்களே விரும்பிப் போட்டது, அவிழ்ப்பதற்கென்றே போட்டது. இது நோன்பு மாதிரி. என் அப்பா எங்களுக்குப் போட்ட கட்டுகள் அப்படிப்பட்டவை: விளக்கேற்றாமல் சாப்பிடக் கூடாது, கடன் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அடுத்ததை எடுக்கக் கூடாது. கட்டியிருந்த காலத்தில் இறுக்கமாகத்தான் இருந்தது. எங்கே கட்டினார் என்பது அவர் போய், நான் ஊரின் அத்தனை சாயத்திலும் முங்கி எழுந்த பிறகுதான் தெரிந்தது. அதிலும் நடுவில் கொஞ்சம் கசிந்துதான் இருக்கிறது.

நாங்கள் பயன்படுத்துவது ரியாக்டிவ் சாயம். வெந்நீர்கூட வேண்டாம். வாளித் தண்ணீரில் சாயத்தைக் கரைத்து, கல்லுப்பைப் போட்டுத் துணியை முக்குவோம். தண்ணீரில் பருத்தி இழைக்கு லேசான எதிர் மின்னூட்டம் வந்துவிடுகிறது, சாயத்துக்கும் அதே மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்த விலகலைக் குறைத்து, சாயத்தைத் துணியின் பக்கம் ஒதுக்கும். அதன் பிறகு சலவைச் சோடா. காரம் ஏறியதும் பருத்தியின் செல்லுலோஸும் சாயமும் சகப்பிணைப்பால் இணைகின்றன. இதற்குப் பின் இது துணி, இது சாயம் என்று பிரித்துச் சொல்லவே முடியாது, இரண்டும் சேர்ந்து ஒரே மூலக்கூறு. பழைய டைரக்ட் சாயங்கள் இப்படி இல்லை. இழையில் ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டு, துவைக்கத் துவைக்க இறங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் நடக்கும். எந்த வாளியிலும் சாயத்தில் ஒரு பங்கு துணியோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்து வீணாகும். அது துணியில் சும்மா தங்கியிருக்கும். அலசும்போது தண்ணீர் சிவந்து ஓடுவதைப் பார்த்துச் சின்னப் பேத்தி, "அம்மாச்சி, எல்லாம் போகுது!" என்று அலறுவாள். போவது சேராத நிறம். சேர்ந்தது போகாது, தண்ணீர் தெளியும் வரை அலசு என்பேன். கோபம், பயம், பிறர் சொல்லைக் கேட்டு வந்த வெறுப்பு என்று எத்தனையோ எங்கள் பள்ளிக்கு வந்த பிள்ளைகளிடம் ஒரு வருடத்தில் அலசிப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். போகாதது எது என்பது அலசாமல் தெரியாது.

சித்தாந்தம் இதை அறியாதது இல்லை. படிகத்தோடு அது நின்றுவிடவும் இல்லை. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஒரு வண்ணானைக் காட்டுகிறார். அழுக்குத் துணியில் அவன் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றுகிறான். அழுக்கின் மேல் அழுக்கு. அதை வைத்தே பழைய அழுக்கையும் சேர்த்துக் கழித்துவிடுகிறான். இறைவன் மாயையால் ஆன உடம்பையும் கருவிகளையும் தந்து ஆணவ அழுக்கைக் கழுவுவது அப்படி. இதைப் படித்த நாள் முதல் உடம்பை, குடும்பத்தை, பிழைப்பை வெறும் தளை என்று யாராவது பேசினால் நான் எழுந்து மறுக்காமல் இருப்பதில்லை. அவை வெளுக்கும் மண்.

முத்தியைப் பற்றிச் சொல்லும்போதும், ஆணவம் அழிகிறது என்று சித்தாந்தம் சொல்வதில்லை. அதன் சக்தி மடங்கிவிடுகிறது என்கிறது. வகுப்பில் பலருக்கு அது ஏமாற்றம். எனக்குச் சட்டென்று புரிந்தது. ரியாக்டிவ் சாயம் ஏறிய துணியில் பிளீச்சிங் திரவம் பட்டால் நிறம் போய்விடும். ஆனால் உடைவது மூலக்கூறில் நிறம் தரும் பகுதி. இழையோடு பிணைந்த பகுதி பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. இருக்கிறது, ஆனால் நிறம் காட்ட இயலாமல் இருக்கிறது.

அப்படியானால் வெளுத்துப் போவதுதான் உயிரின் முடிவா? இந்த இடத்தில்தான் என் மனம் மிகவும் முரண்டியது, அதற்கு என் அம்மாவின் சேலைதான் காரணம்.

அப்பா இறந்தபோது அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அன்றிலிருந்து வெள்ளை. தூய்மை என்றார்கள் உறவினர்கள். கஞ்சி போட்டு, நீலம் போட்டு அம்மாவும் அதை அப்பழுக்கில்லாமல் வைத்துக்கொண்டார். ஆசை எதுவும் இல்லாதவர் என்று ஊரே புகழ்ந்தது. முடிச்சுப் போடும் ஒரு கோடையில், நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏன்டி, என் சேலையில நாலு முடிச்சுப் போட்டா ஆகாதா?" என்றார். யாரும் உடனே பேசவில்லை. என் மகள்தான் எழுந்து, "எந்த நிறம் அம்மாச்சி?" என்று கேட்டாள். கத்திரிப்பூ நிறம் என்று யோசிக்காமல் பதில் வந்தது. எத்தனை வருடமாக அந்த நிறத்தை மனதில் வைத்திருந்தாரோ. சோடாவும் வெந்நீரும் விட்டுக் கஞ்சியை எடுத்தோம். பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி, சாயத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. உறவில் ஒருவர் முகம் சுளித்தார். அம்மா அதைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டு விசேஷத்துக்கே போய் வந்தார்.

அம்மா மேல் இருந்த வெள்ளை, நிறம் இல்லாமை அல்ல. அதுவும் ஊர் ஏற்றிய ஒரு சாயம். சமணர்கள் இதை எவ்வளவு கூர்மையாகக் கண்டிருக்கிறார்கள் என்று வியக்கிறேன். வினையால் உயிர்மேல் படியும் நிறங்களை அவர்கள் லேசியை என்றார்கள். கருமை, நீலம், புறாவின் சாம்பல், நெருப்பு, தாமரை, வெண்மை என்று ஆறு. பழம் வேண்டி நாவல் மரத்தையே வேரோடு வெட்ட நினைப்பவன் கருமை. உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொள்பவன் வெண்மை. வெண்மைதான் உயர்ந்தது, ஆனாலும் அதுவும் லேசியையே. வீடுபெற்ற உயிருக்கு அதுவும் கிடையாது. எங்கள் ஊருக்கு மேற்கே சமணர் மலைக்குப் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

ஆனால் நிறமே இல்லாத நிலை எனக்கு வேண்டியதில்லை. புத்தரின் பேச்சு ஒன்று எனக்கு வழி காட்டியது. மஜ்ஜிம நிகாயத்தின் 7ஆம் சுத்தம், துணி உவமை என்றே அதற்குப் பெயர். அழுக்குத் துணியைச் சாயக்காரன் நீலத்தில் தோய்த்தாலும் மஞ்சளில் தோய்த்தாலும் மங்கலாகத்தான் ஏறும். தூய துணியில் பளிச்சென்று ஏறும் என்கிறார். சாயம் போடுகிற யாருக்கும் இது தெரியும்: கஞ்சியும் எண்ணெயும் இருந்த இடம் திட்டுத்திட்டாக நிற்கும். நாங்கள் வெளுப்பது வெள்ளையாக வைத்துக்கொள்ள அல்ல, ஏற்றுவதற்காக. சார்ந்ததன் வண்ணமாதல் என்ற கொள்கையின் உயிர்நாடி எனக்கு இதுதான். இருளின் வண்ணம் ஏற முடிந்ததால்தான் சிவத்தின் வண்ணமும் ஏற முடியும். எதுவும் ஒட்டாத உயிர் ஒன்று இருந்தால், அருளும் அதில் ஒட்டாது. பாலியெஸ்டர் நூல் எங்கள் வாளியிலிருந்து எப்படிப் போனதோ அப்படியே வரும்.

இதை ஐயாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். படிக உவமை நிறம் நிலைக்குமா போகுமா என்பதைச் சொல்ல வந்ததல்ல, உயிர் தனித்து நின்று தன்னை விளக்கிக்கொள்ளாது, சார்பு ஒன்று வேண்டும் என்பதைச் சொல்ல வந்தது என்றார். ஏற்கிறேன். அடுத்து நான் கேட்டதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. முதலில் மஞ்சளில் தோய்த்து, பிறகு நீலத்தில் தோய்த்தால் துணி பச்சையாகிறது. நீலம் மட்டும் ஏறிய துணி வேறு. அடியில் இருந்த நிறம் மேலே ஏறும் நிறத்தோடு சேர்ந்துதான் தெரியும். அருள் ஏறும்போது உயிரின் பழைய நிறம் என்ன ஆகிறது?

பெரியபுராணத்தைப் புரட்டினால் விடை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கண்ணப்பர் அன்பில் தோய்ந்த பிறகும் வேடர்தான். படைத்தது இறைச்சி, கண்ணைப் பெயர்த்தது அம்பு. காஞ்சியில் அடியார் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், வாங்கிய துணியை மழையில் உலர்த்தித் தர முடியாமல் போனபோது தலையை மோதியது, துணி அடித்துத் துவைக்கும் அதே கல்லில். சமண மடத்தில் வாழ்ந்து திரும்பிய நாவுக்கரசர் உழவாரப் படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். அறுபத்து மூவரும் ஒரே சிவத்தில் தோய்ந்தவர்கள். ஒருவர் நிறம் இன்னொருவருக்கு இல்லை. பழையது முழுவதும் போய்த்தான் சிவம் ஏறுகிறது என்றால், சேக்கிழார் இத்தனை பேரைத் தனித்தனியாகப் பாடியிருக்கத் தேவையில்லை என்று அடுத்த ஞாயிறு ஐயாவிடம் வாதிடப் போகிறேன்.