மிச்சமாகிப் போன நன்றி

எங்கள் ஞாயிறு வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு: செத்த பிறகு என்ன ஆகும்? ஆன்மா, வினை, மறுபிறவி என்று ஆளாளுக்குப் பேசுவோம். யாராவது ஒருவர், "இதையெல்லாம் யாரு போய்ப் பார்த்துட்டு வந்தா?" என்பார். அதற்குள் தேநீர் வந்துவிடும், கேள்வி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகும். கடோபநிடதத்தில் நசிகேதன் இதை எமனிடமே கேட்கிறான். எமனும் உடனே பதில் சொல்வதில்லை. தேவர்களுக்கே இதில் ஐயம் இருந்தது, வேறு வரம் கேள் என்று நழுவப் பார்க்கிறான். ஆகவே சந்தேகப்படுவது தெய்வ நிந்தனை ஆகாது என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். கோயிலுக்குப் போவேன், அர்ச்சனைச் சீட்டு வாங்குவேன், கும்பிடுவேன். யாரிடம் பேசுகிறேன் என்பதுதான் தெளிவில்லை.

அப்பாவின் அம்மா இறந்தபோது எனக்கு 20 வயது. அதுவரை நான் எந்தச் சாவு வீட்டுக்குள்ளும் போனதில்லை. பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். எஸ்.பி.எம். முடிந்தது, படிவம் ஆறும் முடிந்தது, சட்டம் மட்டும் தளரவில்லை. இந்த முறை சாவு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டதால் யாரும் என்னைத் தடுக்க முடியவில்லை.

பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்படியில் சத்தம் கேட்கும். வாயும் சும்மா இருக்காது. அம்மா வைக்கும் குழம்பில் 20 வருடமாகப் புளி கூடிக்கொண்டேதான் இருந்தது, பாட்டி கணக்கில்.

குளிப்பாட்டும் நேரத்தில் அத்தை கூப்பிட்டார். "கண்ணு, வா. பாட்டி தலைக்கு எண்ணெய் வை. பயப்படாதே, நம்ம பாட்டிதானே."

எண்ணெய் தொட்டு வைத்தேன். நெற்றி அவ்வளவு சில்லென்று இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பிறகு அரப்பு, பிறகு தண்ணீர். அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை, வாரம் தவறாமல் எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவர் பாட்டிதான். வாரத்துக்கு ஒன்று என்றாலே 300 தடவைக்கு மேல் வருகிறது. கண்ணில் சீயக்காய் பட்டு நான் கத்த, அவர் அதட்ட, குளியலறையே ரெண்டுபடும். இப்போது நான் அவருக்கு ஒரு தடவை, அதுவும் மூன்று விரலால்.

அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றையும் நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். தலை துவட்டினார்கள். புதுச் சேலை உடுத்தினார்கள். நெற்றியில் திருநீறு இட்டார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தோம். பிறகு நாலு பேர் தூக்கினார்கள். ஒரு குழந்தைக்குத் தாய் தினமும் செய்கிற வேலைகள்தானே இவை? குளிப்பாட்டு, உடுத்து, பொட்டு வை, ஊட்டு, விளக்கேற்று, தூக்கிக்கொள். வாழ்நாள் முழுக்க அவர் எங்களுக்குச் செய்ததை நாங்கள் ஒரே ஒரு தடவை திருப்பிச் செய்கிறோம். அர்த்தம் தெரியாத சடங்கு என்று நான் நினைத்திருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த வீட்டு வேலையாக இருந்தது.

அம்மாதான் அன்று அதிகம் அழுதார். பாட்டியோடு அவருக்கு ஒத்துப்போனதே இல்லை. ஆனாலும் வாய்க்கரிசி போடும்போது கையை எடுக்க மனசில்லாமல் நின்றார். கணக்கெல்லாம் தீர்ந்து பாசம் பொங்கினால்தான் நன்றி வரும் என்பதில்லை போலிருக்கிறது.

திருமுறை ஓத வந்த பெரியவர் சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடினார். திருவாசகத்தில் அது இறைவன் நீராடப் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்களின் பாட்டு. அதே பாட்டைப் பாடி இடித்த பொடியைத்தான், மரம் வெட்டிக் காய்த்துப்போன கைகளுடைய ஒரு கிழவியின் உடம்பில் பூசினார்கள். இதற்கு மேல் ஒரு மரியாதையை நம் சமயத்தால் யாருக்கும் கொடுக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

பிறகு என் நண்பன் கேட்டான்: "பாட்டிக்கு இது எதுவும் தெரியப் போறதில்லை. இருக்கிறவங்க மனசு ஆறத்தானே இதெல்லாம்?" நியாயமான கேள்விதான். அவனுக்குப் பட்டினத்தாரைச் சொன்னேன். சொத்து, உறவு எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனவர் அவர். எதுவும் மிஞ்சாது என்று ஊருக்குச் சொன்னவர். ஆனால் தாய் இறந்தபோது கொள்ளி வைக்கத் திரும்பி வந்தார். காய்ந்த விறகை நீக்கி, பச்சை வாழைமட்டையை அடுக்கிப் பாடித் தீ மூட்டினார் என்பது மரபுக் கதை. மட்டை எரிந்ததா என்று விவாதிக்க எனக்கு ஆசையில்லை. என்னைப் பிடித்து நிறுத்துவது அங்கே அவர் பாடியது. சுமந்ததையும் பாலூட்டியதையும் கொஞ்சியதையும் சொல்லித்தான் அழுகிறார். அந்தத் தாயின் வாயில் அரிசி இட அவருக்கே கை வரவில்லை. மனசு ஆறுவதற்காக வந்தவர் மாதிரி அவர் பாடவில்லை. கடன் அடையாது என்று தெரிந்தவர் மாதிரி பாடுகிறார்.

அந்த இடத்தில்தான் என் கேள்வியும் திரும்பியது. 300 தடவைக்கு ஒரு தடவை. மிச்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வாங்கிக்கொள்ள வேண்டியவர் இல்லை. வேறு யாருக்காவது செய்து கழிக்கலாம்தான், கழித்தாலும் ஏதோ மிஞ்சுகிறது. பாட்டியை எனக்குக் கொடுத்தது எதுவோ, அதன் முன்னால் போய்த்தான் அந்த மிச்சத்தை இறக்கி வைக்க முடிகிறது. கடவுள் இருக்கிறார் என்று நிரூபித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. இப்போது கும்பிடும்போது சொல்வதற்கு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். இல்வாழ்வானின் கடமைகளை அடுக்கும்போது வள்ளுவர் தென்புலத்தாரைத் தெய்வத்துக்கும் முன்னால் வைத்தது ஏன் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு விளங்கவில்லை. எனக்கும் வழி அந்த வரிசையில்தான் திறந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாவு வீட்டில் யாரும் "வாங்க" என்று அழைப்பதில்லை. கிளம்புகிறவரும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. அன்று பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் தன் காரை எங்கோ கொண்டுபோய் நிறுத்திவிட்டு வாசலை எங்களுக்குத் திறந்துவிட்டார். எதிர்வீட்டு மக்சிக் தண்ணீர்ப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் பேசாமல் போனார். கூடாரம் போட்ட கோயில் பையன்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. பெண்கள் மின்சுடலைக்கு வரக் கூடாது என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தபோது, "அவ வரட்டும், பேத்திதானே" என்று சொன்னது யார் என்றுகூட நான் பார்க்கவில்லை. போனேன். பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன்.

பதினாறாம் நாள் முடிந்து சில வாரங்களில் எங்கள் தாமானில் இன்னொரு வீட்டில் துக்கம். எனக்கு அந்தக் குடும்பத்தோடு பேச்சுப் பழக்கம் கிடையாது. அம்மா என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. லாரியிலிருந்து நாற்காலி இறக்க ஆள் தேவைப்பட்டது, இறக்கினேன். உள்ளே ஒரு சின்னப் பெண் கதவோரம் ஒட்டி நின்றுகொண்டிருந்தாள், ஒன்பது பத்து வயதிருக்கும். அவளுடைய ஆயா போலிருக்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தை யாரோ நீட்டினார்கள், அவள் தயங்கினாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.