அழைத்தால் பறக்கும்

மார்கழிக் காலை. மயூர் விகாரில் எங்கள் தெருமுனைக் கோயிலில் திருப்பாவை முடிந்து பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொன்னையை வாங்கிய கையோடு காரில் ஏறினேன். பின் இருக்கையில் நீளமான கறுப்புப் பெட்டி. அதில் என் தங்கை மகனின் துப்பாக்கி.

பையன் கோவைக்காரன். வருஷத்தில் இரண்டு மூன்று முறை பயிற்சிக்காக தில்லி வருவான், எங்கள் வீட்டில்தான் தங்குவான். "ஒரு நாள் வந்து பாருங்க மாமா" என்று வரும்போதெல்லாம் கூப்பிடுவான். நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பேன். துப்பாக்கி என்றாலே உள்ளுக்குள் ஒரு சுருக்கம். காலையில் கண்மூடி உட்காருகிற பழக்கம் வந்த பிறகு அந்தச் சுருக்கம் கூடிவிட்டது. இந்த முறை அவன் கேட்கவில்லை. கேட்காததனாலேயே கிளம்பினேன் என்று நினைக்கிறேன்.

வழியெல்லாம் பனிமூட்டம். துக்ளகாபாத் கோட்டை இருக்கும் இடம் வந்தபோது சுவரின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது, மேலே வெள்ளை. கியாசுதீன் துக்ளக் 1321 வாக்கில் கட்டத் தொடங்கிய கோட்டை. நிஜாமுதீன் அவுலியா வெட்டிக்கொண்டிருந்த குளத்துக்குப் போன கூலியாட்களை எல்லாம் சுல்தான் தன் கோட்டைக்கு இழுத்துக்கொண்டதாகவும், இந்த ஊர் பாழாய்க் கிடக்கும், இல்லாவிட்டால் மாடு மேய்ப்பவர்கள் குடியிருப்பார்கள் என்று அந்த ஞானி சொன்னதாகவும் தில்லியில் கதை உண்டு. சாபம் பலித்ததோ, தண்ணீர்தான் பற்றவில்லையோ, சில வருஷங்களிலேயே ஊர் காலியானது நிஜம். இவ்வளவு பெரிய சுவருக்குப் பக்கத்தில் போகும்போது யாருக்கும் பேச்சு கொஞ்சம் குறையும். எங்களுக்கும் குறைந்தது.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில்தான் கர்ணி சிங் துப்பாக்கி சுடுதல் மைதானம். 1982 ஆசிய விளையாட்டுக்காக உருவாக்கப்பட்டு, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பிக்கப்பட்டது. கர்ணி சிங் பிகானேர் மகாராஜா. 1960 ரோம் தொடங்கி 1980 மாஸ்கோ வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் சுட்டவர், 1962இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் டிராப் பிரிவில், அதாவது பறக்கும் தட்டுகளைச் சுடும் பிரிவில், வெள்ளி வாங்கியவர். ராஜாக்கள் விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். செலவைக் கேட்டால் இன்றைக்கும் ஓரளவு அப்படித்தான். "நம்ம ஊர்ப் பையனுக்கு எதுக்குடா இது?" என்று யாராவது கேட்டால் மருமகன் பிருத்விராஜ் தொண்டைமானின் பெயரைச் சொல்வான். புதுக்கோட்டை அரச குடும்பத்தில் பிறந்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்டவர். அதுவும் ராஜா வீடுதானே என்றால் சிரித்துவிடுவான்.

இடம் நான் நினைத்ததைவிட மிகப் பெரிது. பெரிது என்று எப்படித் தெரிந்தது என்றால், ஒன்றும் தெரியவில்லை, அதனால்தான். முன்னால் சிமெண்டுத் தரை, அதில் கோடு போட்டாற்போல் ஐந்து நிலைகள். அதற்கப்பால் பனி. எத்தனை ஏக்கர் பனி என்று சொல்ல முடியாது. தட்டு கண்ணுக்குத் தெரியாமல் சுட முடியாது என்பதால் எல்லோரும் காத்திருந்தார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பெண்பிள்ளைகள், நரைத்த மீசைக்கார சர்தார்ஜி ஒருவர், ராணுவத்துக்காரர்கள் சிலர். துப்பாக்கிகள் எல்லாம் நடுவில் மடித்துத் திறந்து கிடந்தன. சுடாத நேரத்தில் துப்பாக்கியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், உள்ளே குண்டு இல்லை என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றான் மருமகன். என் சுருக்கத்தில் பாதி அங்கேயே விட்டது.

காத்திருந்த நேரத்தில் அவன் விளக்கினான். ஐந்து நிலைகளுக்கும் எதிரே 15 மீட்டரில் தரையோடு தரையாக ஒரு பதுங்குகுழி. அதற்குள் 15 எந்திரங்கள், நிலைக்கு மூன்று வீதம். அவை தட்டுகளை வீசும். தட்டின் குறுக்களவு 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம். இட்லியைவிடக் கொஞ்சம் பெரிது என்று எனக்காக உவமை சொன்னான். சுடுபவர் குரல் கொடுத்ததும் தட்டு பறக்கும். வலமா, இடமா, நேரா, தாழ்வா, உயரமா என்று முன்கூட்டித் தெரியாது. விட்டுவிட்டால் 76 மீட்டர் வரை போய் விழும். அது எட்டிப் போவதற்குள், ஒரு நொடிகூட ஆகாத நேரத்தில், சுட்டாக வேண்டும். முதல் குண்டு தவறினால் இன்னொன்று உண்டு.

"எல்லாரும் வடக்கே பார்த்து நிக்கறாங்களே?" என்றேன்.

"வெயில் கண்ணுல படக்கூடாது மாமா. மைதானம் கட்டும்போதே அப்படித்தான் கட்டணும்."

காரணம் வெயில்தான். ஆனாலும் தினமும் வடக்கு நோக்கிப் பலகை போட்டு உட்காருகிறவனுக்கு அந்த வரிசை வேறு மாதிரித் தெரிந்ததில் தப்பில்லை.

பத்து மணிக்கு மேல் பனி விலகியது. விலகிய பிறகு என்ன தெரிந்தது? ஒன்றுமில்லை. புல்தரை, அதற்கு மேல் வானம். சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டும்போது முதல் முறை பார்ப்பவருக்கு ஒரு திகைப்பு வருமே, அது எனக்கு வந்தது. இத்தனை பேர் இத்தனை நேரம் காத்திருந்தது இந்த வெறும் வெளிக்காகத்தான்.

முதல் ஆள் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். கன்னம் மரக்கட்டையில் படிந்தது. அப்புறம் ஒரு குரல். இங்கிலீஷில் 'புல்' என்று கூப்பிடுவது வழக்கமாம். முன்பு எந்திரத்தைக் கயிறு கட்டி ஒருவர் இழுப்பார், 'இழு' என்ற கட்டளை அப்படியே தங்கிவிட்டது. இப்போது கயிறும் இல்லை, இழுக்கும் ஆளும் இல்லை, ஒவ்வொரு நிலைக்கு முன்னாலும் ஒலிவாங்கி. அதற்கு மொழி கிடையாது, சத்தம் போதும். ஆகையால் ஆளுக்கொரு ஒலி. சர்தார்ஜி அடிவயிற்றிலிருந்து 'ஹோ' என்றார். ஒரு பெண் கிட்டத்தட்ட முனகினாள். என் மருமகனுடையது எழுத்தில் வராது, விக்கலுக்கும் ஓங்காரத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. தூரத்தில் மயில் அகவியது. "மயில் கத்தினா தட்டு பறக்குமாடா?" என்று கேட்டேன். வாயில் விரல் வைத்தான். அவன் பயந்தது மயிலுக்கு இல்லை, எனக்கு.

ஆரஞ்சு நிறத் தட்டு எழும்பியதையே நான் முதலில் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது வானத்தில் ஒரு சிறு கரும்புகை, கீழே உதிரும் தூள். பிள்ளையார் முன்னால் சிதறுகாய் உடைத்தாற்போல. நாலைந்து தட்டுகளுக்குப் பிறகுதான் கண் பழகியது. பழகிய பிறகு சுடுவதைவிட அதற்கு முந்திய நேரம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தோளில் ஏற்றியதற்கும் குரலுக்கும் நடுவே இரண்டு மூன்று நொடி. அந்த முகங்களில் எதிர்பார்ப்புகூட இல்லை.

துரோணர் வைத்த பரீட்சை நினைவுக்கு வந்தது. மரத்தில் இருந்தது உயிருள்ள பறவை என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் அது கைவினைஞர்களைக் கொண்டு செய்து வைத்த பொய்ப் பறவை. ஆக, களிமண் புறா எனப்படும் இந்தத் தட்டுக்கும் மூதாதை உண்டு. முதல் சுற்று முடிந்து வந்தவனிடம் துரோணர் கேள்வியையே கேட்டேன்: "குரல் கொடுக்கறதுக்கு முன்னால என்ன பார்ப்பே?"

"ஒண்ணும் பார்க்க மாட்டேன் மாமா."

"அதெப்படி?"

"ஒரு இடத்தையே உத்துப் பார்த்தா, தட்டு வேற பக்கம் போகும்போது கண்ணு பிந்திடும். அதனால கண்ணைச் சும்மா விட்டுரணும். ரெண்டு கண்ணும் திறந்திருக்கும், பொதுவா, அகலமா. தட்டு வந்ததும் கண்ணு தானா அதைப் பிடிச்சுக்கும். கை கண்ணு பின்னால போகும்."

"குறி?"

"குறியே பார்க்கக் கூடாது. குழலைப் பார்த்தீங்கன்னா குழல் நின்னுடும். தட்டு போயிரும்."

அர்ஜுனனின் பறவை உட்கார்ந்திருந்தது. அதற்கு அந்தப் பார்வை சரி. நான் பதினைந்து வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவந்தது அர்ஜுனன் வேலை என்று அப்போது பட்டது. ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, அங்கேதான் வரவேண்டும் என்று உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பக்கமாகப் பறந்துபோனவை எத்தனையோ. போதாததற்கு, இன்றைக்கு நன்றாக உட்கார்ந்தோமா என்று என் குழலை நானே வேறு பார்த்துக்கொள்வேன். சும்மா இருப்பது என்று நம் பெரியவர்கள் சொன்ன சும்மாவுக்குள் இவ்வளவு விழிப்பு இருக்கிறது என்பதை ஒரு கல்லூரிப் பையன், குளிருக்குக் கையை உரசிக்கொண்டே சொல்லிவிட்டான்.

இன்னொன்றும் சொன்னான். ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். எந்தப் பக்கம் வரும் என்று தெரியாதே தவிர, மொத்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்: இடப்பக்கம் 10, வலப்பக்கம் 10, நேராக 5. ஒவ்வொரு நிலையிலும் இடம் 2, வலம் 2, நேர் 1. ஒருவருக்குக் கூட்டியும் ஒருவருக்குக் குறைத்தும் கொடுப்பதில்லை. வரிசை மட்டும் மாறும். இதை அவன் விதிமுறை என்கிற அர்த்தத்தில்தான் விதி என்றான். நான்தான் கொஞ்ச நேரம் அந்தச் சொல்லை விட்டு நகரவில்லை. வாழ்க்கையில் கணக்கு இத்தனை நேர்மையாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் நண்பர் ஒருவருக்கு இடப்பக்கமாகவே வந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வரிசை தெரியாமல் நிற்பது எல்லோருக்கும் பொது.

ஒரு குழுவில் ஆறு பேர். ஐந்து நிலைகளில் ஐந்து பேர், ஆறாமவர் பின்னால் காத்திருப்பார். ஒரு தட்டு சுட்டதும் அடுத்த நிலைக்கு, வலப்பக்கம் நகர வேண்டும். ஐந்தாம் நிலையில் சுட்டவர் துப்பாக்கியைத் திறந்து கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வரிசைக்குப் பின்னால் நடந்து முதல் நிலைக்கு வருகிறார். வடக்கு நோக்கி நின்று கிழக்கே நகர்ந்து, தெற்குப் பக்கமாகத் திரும்புவது. விரலால் காற்றில் வரைந்து பார்த்தேன். வலம்தான்! அடித்தவரும் தவறவிட்டவரும் ஒரே நடையில் போகிறார்கள், யாரும் யாரிடமும் பேசுவதில்லை. ஒரு பெண்ணுக்கு அடுத்தடுத்து மூன்று தட்டுகள் தப்பின. முகம் கொஞ்சம் சிவந்தது. நடை மாறவில்லை. தப்பிய தட்டுகள் அழகாகத்தான் பறந்தன, சாய்ந்து, சுழன்று, தூரத்துப் புல்லில் சத்தமில்லாமல் இறங்கின. சொன்னால் அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரும், எனக்கு அவைதான் பிடித்திருந்தன.

ஒரு காலத்தில் இப்படித் தப்பிப் பறந்தவை நிஜப் புறாக்கள். பெட்டியில் அடைத்து வைத்துத் திறந்துவிடுவார்கள். டிராப் என்ற பெயரே அந்தப் பொறியிலிருந்து வந்தது. 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட உயிருள்ள புறாக்களைச் சுட்டார்கள். அதற்கு இருபது வருஷம் முன்பே, 1880இல், சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகாவ்ஸ்கி களிமண் தட்டைச் செய்துவிட்டார். பையன்கள் தண்ணீர்மேல் சிப்பியை வீசித் தத்த விடுவதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். நாங்களும் ஊர்க் குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசி எத்தனை தத்து என்று எண்ணியவர்கள்தான், எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அதில் களிமண்ணும் இல்லை, தார்ப்பிசினும் சுண்ணாம்புக்கல் பொடியும்தான். ஆனாலும் சுடுபவர்கள் இன்னும் 'பேர்ட்' என்றுதான் சொல்கிறார்கள். மனிதனுக்குள் இருக்கும் வேட்டைக்காரனை விரட்டாமல், அவன் கையில் ஓர் ஓட்டைக் கொடுத்து உட்காரவைத்தவரை ஏதாவது ஒரு பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது.

முழுச் சமாதானம் என்று சொல்ல மாட்டேன். மதியம் சப்பாத்தியைப் பிரிக்கும்போது, "கையை நல்லாக் கழுவிட்டுத்தான் சாப்பிடணும் மாமா, ஈயம்" என்றான். ஒவ்வொரு குண்டிலும் 24 கிராம் ஈயச் சிறுமணிகள். நாள் முழுக்க அவை எங்கே போகின்றன என்று புல்தரையைப் பார்த்தேன். புல் பச்சையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கூடை வைத்துக்கொண்டு ஆட்கள் ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கினார்கள். அதில் ஒரு பெரியவர், நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு, உடையாமல் கிடந்த தட்டு ஒன்றைத் துடைத்து என் கையில் கொடுத்தார். மேலே ஆரஞ்சு, அடியில் கறுப்பு, உள்ளே குழிவு. யாரோ அழைத்து, வந்து, யாருக்கும் அகப்படாமல் போனது.

"என்னோடதா இருக்கும். இன்னிக்கு நாலு விட்டேன்" என்றான் மருமகன். திரும்பி வரும்போது கோட்டைச் சுவர் முழுசாகத் தெரிந்தது.

வீட்டில் அதைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். மறுநாள் ரயிலேறும் முன் அவன் பார்த்துவிட்டு, "அங்க வைக்காதீங்க மாமா. பிசின்ல பண்ணினது, வெயில்ல இளகிடும்" என்றான். எடுத்து நிழலுக்கு மாற்றினேன்.