போகிக்குத் தப்பிய நாற்காலி

போகியன்று விடியற்காலை, எதிர்வீட்டு வாசலில் கொளுத்தக் குவித்திருந்த பழைய சாமான்களுக்கு நடுவே கை வைத்த நாற்காலி ஒன்று கிடந்தது. பிரம்பு கிழிந்து தொங்கியது. பின்கால் ஒன்று ஆடியது. கேட்டதும், "எடுத்துக்குங்க சார், சும்மா இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது" என்றார் அந்த வீட்டு அம்மா. தூக்கினால் நல்ல கனம். ஈரத்துணியால் துடைத்ததும் ரேகை எழுந்து வந்தது. தேக்கு.

அதைச் சரிசெய்ய ஒரு தச்சரைக் கூப்பிட்டேன். வந்ததும் சுத்தியலை எடுப்பார் என்று நினைத்தேன். அவரோ வெந்நீரில் நனைத்த துணியைக் காலின் பொருத்தில் சுற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதில் ஆணியே இல்லை, வஜ்ஜிரம்தான். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை, சூடும் ஈரமும் பட்டால் இளகிக்கொடுக்கும். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல அசைத்தார். கால் ஒரு சிராய்கூடப் பெயராமல் கழன்று வந்தது.

எனக்கு 2015 டிசம்பர் நினைவுக்கு வந்தது. வெள்ளத்தில் எங்கள் பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஊறி உப்பி, திருகாணிக்குக்கூடப் பிடிமானம் இல்லாமல் உதிர்ந்துபோனது. மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை அது. கழற்றிச் சரிசெய்ய அதில் எதுவுமே இல்லை. தெருமுனையில் கொண்டுபோய்ப் போட்டோம்.

இருக்கையில் ப்ளைவுட் அடித்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். தச்சர்தான் தடுத்து, பிரம்பு பின்னுகிறவரை அழைத்துவந்தார். அவருக்குப் பார்வை கிடையாது. பார்வையற்றோர் பள்ளியில் சிறுவயதில் கற்ற தொழில். சட்டத்தைச் சுற்றியிருந்த துளைகளை விரலால் எண்ணிக்கொண்டே போய், அடைத்துக் கிடந்த இரண்டைக் குத்தித் திறந்தார். ஊறவைத்த பட்டையை நெடுக்கே இருமுறை, குறுக்கே இருமுறை, பிறகு மூலைக்கு மூலை இருபுறமும் ஓட்டினார். காயக் காயத் தானே இறுகுமாம்.

உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. தேக்குக்கு உறுதி நடுக்கட்டையில், பிரம்புக்குத் தோலில். அந்தக் கணக்கில் ஒரு மரமும் ஒரு புல்லும் சேர்ந்ததுதான் இந்த நாற்காலி. மரம் தலைமுறை தாண்டி நிற்கும். பிரம்பு அதற்குள் பலமுறை நைந்துபோகும். அது தெரிந்துதான் செய்தவர் துளை போட்டு வைத்திருக்கிறார். என்றோ ஒருநாள் இதைப் பிரிக்கப்போகிற, தான் பார்க்கவே போகாத ஒருவரை மனதில் வைத்து வேலை செய்திருக்கிறார். நான் இத்தனை வருடம் வாங்கியதிலும் செய்ததிலும் அப்படி ஒருவரை நினைத்ததுண்டா? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

வலது கைப்பிடி நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு வழவழவென்று ஒரு பள்ளம். யாரோ வருடக்கணக்கில் தேய்த்தது. அங்கே மட்டும் உப்புத்தாள் படவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது பிரம்புக்காரர் இருக்கையை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "நல்லா வரும் சார். திரும்ப நைஞ்சா யாராவது ப்ளைவுட் அடிக்கச் சொல்லுவாங்க. விட்டுடாதீங்க, துளை போயிடும்."