தோளில் ஒற்றிய திருவிலச்சினை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாம் ஸமாச்ரயணம் பெற்ற நாளில் நேர்ந்த ஒன்றை முதற்கண் விண்ணப்பித்துக்கொள்கிறோம். வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கமும் ஒற்றப்பெற்று, த்வயத்தைச் செவியேற்று, ததீயாராதனைக்கு அமர்ந்திருந்தோம். தோளின் எரிச்சல் இன்னும் தணியவில்லை. அழுக்கேறிய வேட்டியோடு முதியவர் ஒருவர் பக்கத்தில் அமர வந்தார். நாம் நம் இலையைச் சற்றே இழுத்துக்கொண்டு நகர்ந்தோம். அவர் அதைக் கண்டார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிசைக்கு நடந்தார். முதுகிலும் பிடரியிலும் துலங்கிய திருமண்காப்பை அவர் திரும்பியபோதுதான் கவனித்தோம்.

தாபம், புண்ட்ரம், நாமம், மந்த்ரம், யாகம் என்ற ஐந்தும் முறைப்படி நடந்தேறி ஒரு நாழிகையும் ஆகவில்லை. அப்படியானால் மாறியது என்ன?

அகம் திருந்தினால் போதும், புறச்சடங்கு எதற்கு என்று சிலர் சொல்வர். மதுராந்தகத்தில் எம்பெருமானாருடைய திருவுள்ளம் அப்படி இருக்கவில்லை. அவர் அப்போதே வேதாந்தம் கற்றுத் தெளிந்தவர். பேரருளாளனுக்குத் தீர்த்த கைங்கர்யம் செய்துவந்தவர். ஆயினும் ஏரிகாத்த ராமன் ஸந்நிதியில் பெரிய நம்பியைக் கண்டவுடன், காஞ்சிக்குச் சென்று செய்துகொள்ளலாம் என்பதற்கும் இசையாமல், அங்கேயே பஞ்சஸம்ஸ்காரம் செய்தருள வேண்டும் என்று பிரார்த்தித்தார். ஆளவந்தாரை ஸேவிக்க அரங்கத்துக்கு விரைந்து, அவருடைய சரம திருமேனியை மட்டுமே காணப்பெற்றவர் அல்லரோ? காலம் தாழ்த்துவதன் விலையை அவர் அறிந்திருந்தார்.

சடங்கு நடந்துவிட்டது, இனி எல்லாம் தானே திருந்தும் என்று வாளாவிருப்பாரும் உண்டு. இலையை இழுத்த நம் கையே அவர்களுக்கு மறுமொழி.

திருவிலச்சினை உடைமைக்கு இடும் அடையாளம். பசுவுக்கு இட்ட குறி அதைக் கொழுக்க வைப்பதில்லை. இன்னாருடையது என்று காட்டுகிறது, அவ்வளவே. ஆனால் குறியிட்ட பசு பிறர் வயலில் மேய்ந்தால் பழி உடையவனைச் சேர்கிறது. முந்தைய நாள் அம்முதியவரைக் கண்டு நகர்ந்திருந்தாலும் அது குற்றமே. ஸமாச்ரயணத்துக்குப் பின்னரோ அவரும் நாமும் ஒரே ஸ்வாமியின் உடைமை என்பதை ஏற்றுக்கொண்டே நகர்ந்தோம். அதனால் அது தெரிந்து செய்த பாகவதாபசாரம் ஆயிற்று. பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் இவ்வபசாரத்தின் கொடுமையை எவ்வளவு அழுத்தமாக அருளிச்செய்கிறார் என்பதை வாசகர்கள் அறிவர். ஆக, நெஞ்சு மாறுவதற்கு முன்பே நம் செயலின் பொருளைச் சடங்கு மாற்றிவிடுகிறது. நெஞ்சு பின்னால் வந்து சேரவேண்டும். அது எப்படி வந்து சேரும் என்பதே கடினமான கேள்வி.

இவ்விடத்தில் முதலியாண்டானை நினைக்கிறோம். எம்பெருமானாரின் மருமகன், அவருடைய த்ரிதண்டமாகவே கொண்டாடப்பட்டவர், பெரும் பண்டிதர். பெரிய நம்பியின் திருக்குமாரத்தி அத்துழாய், தண்ணீருக்குத் தனியே செல்ல அஞ்சித் துணை கேட்டபோது, "சீதனமாக ஆள் கொண்டுவந்தாயோ" என்னும் பாங்கில் மாமியார் இடித்துரைத்தார். செய்தி எம்பெருமானார் திருச்செவிக்கு எட்டியது. அவர் உடன் அனுப்பியது ஆண்டானை. அந்தப் பண்டிதர் அவ்வீட்டில் தண்ணீர் சுமந்தார், தளிகை செய்தார். தம் பெருமையைத் தாமாக வெளியிடவும் இல்லை.

ஆசார்யன் அவருக்கு மேலும் ஒரு ஸம்ஸ்காரம் செய்யவில்லை, கவனித்தீர்களா? குடத்தையும் அடுப்பையும் காட்டினார். ஸமாச்ரயணத்தன்று மந்த்ரத்தில் ஒரு முறை ஏற்ற அடிமை, அவ்வீட்டில் நாள்தோறும் கைவழியாகவும் தோள்வழியாகவும் நடந்தது. கைங்கர்யத்தை நாம் பலனாக மட்டும் எண்ணிப் பரமபதத்துக்கு ஒத்திவைத்துவிடுகிறோம். ஆண்டானுக்கு அது பிறர் வீட்டுச் சமையற்கட்டிலேயே கிடைத்தது.

வெளிதேசங்களில் வாழும் அன்பர் சிலர் காலையில் திருமண்காப்பு தரித்துத் திருவாராதனம் முடித்து, அலுவலகம் புறப்படுமுன் அதைக் கலைத்துவிட நேர்வதை எண்ணி வருந்தி எழுதுகிறார்கள். அவர்களைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. திருமண் துலங்க அமர்ந்துகொண்டே அடியாரைத் தள்ளியவர்கள் நாம்.

அம்முதியவரைப் பின்னர் நாம் காணவில்லை. க்ஷாமணம் கேட்கவும் வாய்க்கவில்லை. இப்போது ததீயாராதனைகளில் அமர்வதைவிடப் பரிமாறுவதையே வேண்டிப் பெறுகிறோம். இன்னமும் சில இலைகளின் முன்னே கை சற்றுத் தயங்குகிறது. தயங்கும் இடத்தில் இன்னொரு கரண்டி சேர்த்துப் பரிமாறுகிறோம்.