ஊசி யார் கையில்?

டாக்டருக்குப் படிக்காத ஒருவர், பிறந்து பத்தே நாளான குழந்தைக்கு ஊசி போடலாமா? கேட்டவுடன் "சேச்சே, அது எப்படி?" என்போம். நம் வீட்டுக் குழந்தை என்றால் கையைத் தட்டிவிடுவோம். நமக்கு வேண்டாம் என்று ஒதுக்குவதை ஏழைக்கு இது போதும் என்று கொடுப்பது அநியாயம் இல்லையா? லேசில் தள்ளிவிட முடியாத கேள்வி இது.

மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், காடுகள் சூழ்ந்த கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியினர் 1990களில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். எல்லாருமே பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். பிரசவமான வீட்டுக்குப் போவது, குழந்தையை எடை போடுவது, உடல் சூட்டைப் பார்ப்பது, தாய்ப்பால் கொடுக்க உதவுவது அவர்கள் வேலை. கிருமித்தொற்றின் அறிகுறி தெரிந்தால், பெற்றோரின் சம்மதத்தோடு ஜென்டமைசின் ஊசியும் போட்டார்கள்.

தொடங்கும் முன் அந்த ஊர்களில் பிறந்த 1000 குழந்தைகளில் 62 குழந்தைகள் முதல் மாதத்துக்குள் இறந்துகொண்டிருந்தன. மூன்றாம் ஆண்டில் அது 25.5 ஆனது. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட மற்ற கிராமங்களில் அப்போதும் 59.6. இந்த ஆய்வு 1999இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

"ஒண்ணுமே இல்லாததுக்கு இது தேவலாம்" என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் நம்பிக்கை இல்லை. பட்டினி கிடப்பவனுக்குப் பழைய கஞ்சியை ஊற்றுபவரும் அதையேதான் சொல்வார். கட்சிரோலியின் நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. கிருமித்தொற்று கண்ட குழந்தைகளில் 16.6 சதவீதம் இறந்துகொண்டிருந்தன. அந்தப் பெண்கள் கைக்குச் சிகிச்சை வந்தபின் அது 2.8 சதவீதம். அவர்களுக்கு நூறு நோய்கள் தெரியாது. இந்த ஒரு வேலை தெரியும், நன்றாகவே தெரியும். தகுதி என்பதை நாம் ஆளோடு சேர்த்தே பார்க்கிறோம். அதை வேலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திறமை மட்டும் போதுமா என்றால், போதாது. நம்ம ரப்பர் தோட்டத்து டிரெஸ்ஸரை எடுத்துக்கொள்வோம். காயத்துக்குக் கட்டு, காய்ச்சலுக்கு மருந்து என்று தோட்டத்து மக்களுக்குக் கைக்கெட்டிய வைத்தியம் அவர்தான். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் இங்கே தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். "உனக்கு நெஜமாவே காய்ச்சலா?" என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர், நீ வேலைக்கு வராவிட்டால் நஷ்டப்படும் முதலாளியின் ஆள். அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அந்த நிலை மாறாது. கட்சிரோலிப் பெண்ணோ, குழந்தை இறந்தால் மறுநாளும் அந்தத் தாயின் முகத்தில் விழித்தாக வேண்டியவர். யாருக்குப் பதில் சொல்லப் போகிறாய் என்பதும் பயிற்சியில் ஒரு பாடம்தான். அதைப் புத்தகத்தில் வைத்து நடத்த முடியாது.

இந்திய அரசு கிராமங்களுக்கு ஆஷா பணியாளர்களைக் கொண்டுவந்தது 2005இல். பச்சிளம் குழந்தைகளை வீடு தேடிப் பார்க்கும் பொறுப்பை 2011இல் அவர்களிடம் கொடுத்தது. ஊசியைக் கொடுக்கவில்லை. 2014இல் அந்த அனுமதி, அவர்களுக்கு மேல்நிலையில் இருக்கும் துணைச் செவிலியர்களுக்குப் போனது. ஆஷாக்களின் பெயர் இன்றும் 'தன்னார்வலர்'. மாதச் சம்பளத்துக்குப் பதிலாக, செய்த வேலைக்கேற்ப ஊக்கத்தொகை.

எனக்கு உறுத்துவது இங்கேதான். படிக்காதவர் கையில் ஏழைக் குழந்தையை ஒப்படைக்கலாமா என்று தர்க்கம் செய்யும் நாம், உயிரைக் காக்கும் வேலையை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு அதைச் சேவை என்று அழைக்கலாமா என்று கேட்பதில்லை. கிராமத்துக்கு மலிவான வைத்தியம் கிடைப்பதாகச் சொல்கிறோம். அதன் மிச்ச விலையைச் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருப்பவள் அவள்.